கடலோரத்தில் கேரவன் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறியைப் பார்த்து ஆரம்பியுங்கள்

மதுரையிலிருந்து கூட்டாளிகளோடு கேரவனிலோ, உள்ளே படுக்கை அடித்த டெம்போ டிராவலரிலோ ராமநாதபுரம் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பரமக்குடி வரை பயமில்லை, கூப்பிட்டால் மெக்கானிக் வருவார். சேதுக்கரை, வாலிநோக்கம், மூக்கையூர் என்று கரையோரமாக இறங்க இறங்க, பஞ்சர் ஒட்டக்கூட அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

விரகனூர் ரிங் ரோட்டில் பிசிறில்லாமல் ஓடிய வண்டி கடலைப் பார்த்ததும் முரண்டு பிடிக்கும். கோளாறு பெரும்பாலும் வண்டியில் இருக்காது, நிறுத்திய இடத்தில்தான் இருக்கும். ஸ்பானரைத் தேடுவதற்கு முன்னால் கீழே இறங்கி மூன்றைப் பாருங்கள்: காற்று எங்கிட்டு இருந்து வருகிறது, டயருக்கு அடியில் என்ன மண், அலை எதுவரை வந்து போயிருக்கிறது. கீழே சொல்லியிருப்பதில் பாதி இந்த மூன்றில் அடங்கிவிடும்.

பின்சக்கரம் சுற்றுது, வண்டி நகரல

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் சக்கரம் தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டு இறங்குகிறது. பின் அச்சின் உருண்டைக் கூடு மணலில் உட்கார்ந்துவிட்டால், பத்துப் பேர் தள்ளினாலும் அசையாது.

எல்லோரும் இறங்கட்டும், சாமானும் இறங்கட்டும். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஐந்தை இறக்கினாலே 100 கிலோ குறைகிறது. அடுத்து காற்று. வண்டிக்குச் சொல்லியிருக்கும் அளவில் ஏறக்குறைய பாதியாக டயர் காற்றை இறக்குங்கள். கார் வகை டயரில் 34 பிஎஸ்ஐ இருந்தால் 17. பதினைந்துக்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழலும் ஆபத்து உண்டு. காற்று குறைந்த டயர் சப்பையாகி நீளவாக்கில் மணலைப் பிடிக்கும். மணலில் வெளியே வருவது இந்தப் பிடிமானத்தால்தான், இன்ஜின் பலத்தால் இல்லை. இது புரியாமல் ரேஸ் பண்ணுகிற டிரைவர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். சாவியை வாங்கி வைத்துவிடுவது நல்லது.

பிறகு தோண்டுங்கள். முன்னால் போகத் துடிக்காதீர்கள், வந்த தடத்திலேயே பின்னால் போங்கள். அந்த மணல் ஏற்கனவே அழுந்திக் கெட்டியாக இருக்கும். போகிற பக்கம் சக்கரத்துக்குச் சரிவாக வழி வெட்டி, அதில் சாக்கு, கால்மிதி, பனை ஓலை எது கிடைத்தாலும் விரியுங்கள். ஓலையை மட்டையோடு போடக்கூடாது. பச்சை மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு ரம்பப் பல்லாக நிற்கும், கையைக் கிழிப்பதோடு டயர் பக்கவாட்டையும் கீறிவிடும். அரிவாளால் மட்டையை வெட்டிவிட்டு, ஓலை விசிறியை மட்டும் அடுக்குங்கள்.

ஸ்டியரிங் நேராக இருக்கட்டும், வண்டி சீராக ஊரட்டும். சக்கரத்துக்கு நேர் எதிரில் யாரும் நிற்கக்கூடாது, கால்மிதி கவண்கல் மாதிரி பறந்து வரும். கெட்டித் தரைக்கு வரும்வரை நிறுத்தாமல் போகச் சொல்லுங்கள். "வந்துருச்சு மாப்ள" என்று பாதி வழியில் பிரேக் போட்டால் மறுபடி முதலிலிருந்து.

அப்படியும் வரவில்லையா? மீனவர் ஊர்களில் வள்ளத்தைக் கரையேற்ற டிராக்டர் வைத்திருப்பார்கள். போய்ப் பணிவாகக் கேளுங்கள், டீசல் காசைப் பேசிக்கொள்ளுங்கள். கயிற்றை இழுவைக் கொக்கியில் மாட்ட வேண்டும், பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும்தான் வரும். இழுக்கும்போது கயிற்றின் நீளத்துக்கு யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், அறுந்தால் சாட்டையாக வீசும். தார் ரோட்டில் வேகம் பிடிப்பதற்கு முன் காற்றை நிரப்பிவிடுங்கள். பன்னிரண்டு வோல்ட் பம்ப் இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களை ஒட்டி இன்னொரு வகைத் தரை இருக்கிறது. மேலே வெள்ளை பூத்து, வெடிப்பு விட்டு, சிமெண்ட் போட்டதுபோல் கெட்டியாகத் தெரியும். குச்சியால் குத்தினால் பக்கென்று உள்ளே போகும், அடியில் கறுப்புச் சேறு. அங்கே காற்றை இறக்குவது பெரிதாக உதவாது, பலகை வேண்டும். டயர் ஏறுவதற்கு முன் ஒரு ஆள் நடந்து, குத்திப் பார்த்து வருவதுதான் ஒரே வழி.

காலையில சாவி திருப்பினா "டிக்"னு மட்டும் சத்தம்

ராத்திரி மூன்று மணிக்கே ஃபேன் வேகம் குறைந்திருக்கும், நீங்கள்தான் தூங்கியிருப்பீர்கள். ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி விழுந்தால் பேட்டரியோ அதன் இணைப்போதான். விளக்கு அப்படியே பிரகாசமாக எரிந்தால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள்.

பேட்டரிதான் என்றால் முதலில் முனைகள். கடற்காற்றில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். கறுப்பு வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக் கரையும். துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையையும் விடாதீர்கள். உப்பு அதைத்தான் முதலில் தின்னும், அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

முனை சுத்தமாக இருந்தும் கிளம்பவில்லை என்றால் மல்டிமீட்டர் வையுங்கள். ஓய்ந்திருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் பேட்டரி காலியாகியிருந்தால் ஃபேனும் ஃபிரிட்ஜும் அதிலிருந்தே உறிஞ்சியிருக்கின்றன. இன்ஜினுக்கு ஒன்று, ஃபேன் ஃபிரிட்ஜுக்கு ஒன்று என்று வைக்கும் இரண்டு பேட்டரியையும் பிரிக்கும் ஐசோலேட்டர் இல்லை, அல்லது ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஃபேன், ஃபிரிட்ஜுக்கு, வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியைத்தான் பலர் பொருத்துகிறார்கள். கணக்கு எளிது. 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. பேட்டரி நீடித்து உழைக்கப் பாதியோடு நிறுத்த வேண்டும், கையில் இருப்பது 900. இருபத்தைந்து வாட் ஃபேன் இரண்டு, பத்து மணி நேரம்: 500. சின்ன ஃபிரிட்ஜ், ஓடியும் நின்றும்: சுமார் 225. போன் சார்ஜ் 75. மொத்தம் 800 ஆகிவிட்டது. இந்த நிலையில் காலையில் ஒருவர் 1500 வாட் கெட்டிலை இன்வெர்ட்டரில் செருகி டீத் தண்ணீர் வைத்தால் மிச்சம் 100 சில நிமிடங்களில் காலி. டீக்கு கேஸ் இருக்கிறது. கெட்டிலை வீட்டில் விட்டு வாருங்கள்.

பக்கத்து வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது சிவப்பு முனைக்குச் சிவப்பு, அந்த வண்டியின் கறுப்பு முனையிலிருந்து வரும் வயரின் மறுநுனி உங்கள் இன்ஜினின் வெற்று இரும்பில். உங்கள் பேட்டரிமேல் வைத்தால் பொறி தெறிக்கும்.

ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கம் மாலை வெயிலைப் பார்த்து நின்றால் அது ஓயாமல் ஓடும். வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். சோலார் தகட்டில் படியும் உப்புப் படலத்தை நல்ல தண்ணீரால் துடையுங்கள். மீனுக்கும் தயிருக்கும் மட்டும்தான் குளிர் வேண்டுமென்றால், மீன் இறங்கும் ஊரில் தெர்மாகோல் பெட்டியும் பாறை ஐஸும் வாங்கிவிடுங்கள். உடைத்த ஐஸ் சீக்கிரம் கரையும், பாறையாகக் கேளுங்கள்.

ஒரு டயர் மட்டும் ராத்திரியோட ராத்திரியா சப்பை

சீமைக்கருவேல முள். ராமநாதபுரம் சீமையில் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நிழல் என்று அதன் அடியில் நிறுத்தியிருப்பீர்கள். முள்ளைக் கண்டதும் பிடுங்காதீர்கள், சில சமயம் அதுவே அடைப்பாக இருந்து காற்றைப் பிடித்து வைத்திருக்கும். சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வரும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, டியூப்லெஸ் பஞ்சர் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிடுங்குங்கள். ஒன்று கிடைத்தால் நிறுத்தாதீர்கள், டயரை முழுச்சுற்றும் பாருங்கள்.

அடுப்பு மஞ்சளா எரியுது, இல்ல அணைஞ்சு அணைஞ்சு போகுது

மஞ்சள் என்றால் பர்னர் துளையில் மணலும் உப்பும். மூடியைக் கழற்றித் தட்டி, ஊசியால் குத்துங்கள். அணைகிறது என்றால் காற்று. வண்டியையே சுவராக வைத்து, காற்று படாத பக்கம் அடுப்பைப் போடுங்கள். தகரத் தடுப்பு வைத்தால் அடுப்பை மட்டும் மறையுங்கள், சிலிண்டரையும் சேர்த்துச் சுற்றினால் சூடு சிலிண்டருக்கு ஏறும். சிலிண்டர் நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு எல்லாவற்றையும் திறந்து, ஆட்களை இறக்குங்கள். சுவிட்சைத் தொடாதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, மேல் ஜன்னலைத் திறந்தால் போகாது, தரையோடு தங்கும். கீழ்க்கதவு வழியாகத்தான் வெளியேறும். கசிவை சோப்பு நுரையால் மட்டுமே தேடுங்கள்.

மழை, குளிர் என்று மூடிய வண்டிக்குள் அடுப்பு பற்ற வைப்பது கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், உள்ளே கொண்டுவந்திருந்த சிலிண்டரால் பிடித்த தீயில் ஒன்பது பேர் இறந்ததை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தீ பிடிக்காவிட்டாலும், அடைத்த இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

கூடாரம் நிக்க மாட்டேங்குது

உலர் மணலில் ஆணி பிடிக்காது, எவ்வளவு நீளமாக இருந்தாலும். அரிசிச் சாக்கில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதியுங்கள். மூலைக்கு ஒன்று போதும். கீழமாசி வீதியில் மளிகை வாங்கும்போதே வெறும் சாக்கு நாலைந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதுவும் பிடுங்கிக்கொண்டு போகிறது என்றால் இடம் தப்பு. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மன்னார் வளைகுடாப் பக்கம் விடாமல் அடிக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று பாக் நீரிணைப் பக்கத்தைக் கலக்கும். இந்தக் கரையின் வசதி இதுதான். தனுஷ்கோடிப் பக்கம் ஆண் கடல், பெண் கடல் என்று சொல்கிறார்களே, அந்த இரண்டும் மண்டபத்தில் சில கிலோமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. ஒரு பக்கம் பேயாட்டம் என்றால் மறுபக்கம் குளம்போல் கிடக்கும். காற்றோடு மல்லுக்கட்டாமல் ரோட்டைக் கடந்து மறுகரைக்குப் போங்கள். உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கரையில் சவுக்கு மரங்களும் உண்டு. தென்னைக்கு அடியில் மட்டும் படுக்காதீர்கள்.

ஜிப் மணலில் சிக்கினால் இழுக்காதீர்கள். பழைய பிரஷ்ஷால் தட்டி, மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடும். உள்துணி விடிகாலையில் நனைந்திருந்தால் ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சுதான். மேல் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுங்கள்.

வண்டிக்கு அடியில தண்ணி

கரையில் பாசியும் சிப்பியும் ஒதுங்கிய கோடு தெரியும். அதுதான் அலை கடைசியாக வந்த எல்லை. அதற்கு நன்றாக மேலே நிறுத்தியிருக்க வேண்டும். இங்கே ஏற்ற இறக்கம் குறைவுதான், ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியில் கூடும். கள்ளக்கடல் என்று ஒன்றும் உண்டு. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்புகிற அன்றே பாருங்கள். அதைவிட, வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர் "தம்பி, வண்டிய அந்தப் பனைக்கு அங்கிட்டு எடுத்துப் போடுங்க" என்றால் ஏன் என்று கேட்காமல் எடுத்துப் போடுங்கள்.

பருப்பு வேகவே மாட்டேங்குது

கேஸ் குறைவு என்று நினைத்து சிலிண்டரை மாற்றாதீர்கள். கரையோர ஊர்களின் நிலத்தடி நீர் பல இடத்தில் உப்பும் கடினமும் கலந்தது, அதில் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மணியாகவே கிடக்கும். குடிக்கிற கேன் தண்ணீரில் வேக வையுங்கள், அல்லது ஊற வைத்துச் சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். குழாய்த் தண்ணீரைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் என்று வையுங்கள், கோடையில் அதற்கு மேல்.

வண்டித் தொட்டியிலிருந்து வாடை வந்தால் 100 லிட்டருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, சில மணி நேரம் வைத்து, எல்லாக் குழாயையும் திறந்து வெளியேற்றி, வாடை போகும்வரை அலசுங்கள். இதை மதுரையிலேயே செய்துவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

போன்ல "வெளிநாட்டுக்கு வரவேற்கிறோம்"னு மெசேஜ்

தனுஷ்கோடிப் பக்கம் சகஜம். முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தலைமன்னார் பக்கத்து இலங்கை டவரைப் போன் பிடித்துக்கொள்கிறது. ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க்கை உங்கள் கம்பெனிக்கே கையால் மாற்றி வையுங்கள். இல்லாவிட்டால் பில் எகிறும்.

ராத்திரி டார்ச் அடிச்சு எழுப்புறாங்க

பதறாதீர்கள். இது எல்லைக் கடல், கடத்தல் கண்காணிப்பு எப்போதும் இருக்கும். இறங்கி, உள்விளக்கைப் போட்டு, ஆதாரும் ஆர்சி புத்தகமும் காட்டி, எங்கிருந்து வந்தோம் என்று நேராகச் சொல்லுங்கள். சாயங்காலமே ஊர்த் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லி வைத்திருந்தால் இந்தக் காட்சியே வராது. தனுஷ்கோடியில் இரவு தங்க விடமாட்டார்கள், பொழுது சாய்வதற்குள் ராமேஸ்வரத்துக்குத் திரும்பிவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்கா ஆனவை. எந்தப் படகுக்காரர் ஆசை காட்டினாலும் அனுமதியில்லாமல் தீவில் கால் வைக்க வேண்டாம். பவளமோ கடல் அட்டையோ பையில் இருந்தால் அது வனத்துறை வழக்கு. கடலோரப் பாதுகாப்புக்கு 1093, கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554.

தை, மாசியில் ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். கரையைப் பார்த்த வெள்ளை விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

கால்ல ஏதோ குத்திருச்சு, கடுக்குது

ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும்போது குத்தினால் திருக்கையோ கெளுத்தியோ. பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை முக்கி வையுங்கள், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை. வலி நன்றாகவே இறங்கும். சூடு சரியா என்று வேறொருவர் கை விட்டுப் பார்க்கட்டும், வலியில் இருப்பவருக்குத் தெரியாது. முள் உள்ளே முறிந்திருந்தால் ஆஸ்பத்திரி. சொறிமீன் பட்டுத் தடித்தால் கடல் தண்ணீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை அட்டையாலோ குறட்டாலோ எடுங்கள். தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் விஷத்தைக் கூட்டும். மூச்சு திணறினாலோ உதடு வீங்கினாலோ 108, காத்திருக்க வேண்டாம்.

வண்டிக்குள்ள யாரும் யாரோடவும் பேசல

இரண்டாம் நாள் மத்தியானம் வரும் கோளாறு. தூக்கம், சோறு, காசு என்று இந்த வரிசையில் சோதியுங்கள். பெரும்பாலும் தூக்கம்தான்: சரிவான தரையில் நிறுத்தியதால் ராத்திரி முழுக்க எல்லோரும் ஒரே பக்கம் உருண்டிருப்பார்கள். பள்ளமான பக்கச் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து மட்டம் பாருங்கள். டம்ளரில் தண்ணீர் வைத்தாலே தெரியும். சோறு என்றால், முதல் நாளிலிருந்து ஒரே ஆள்தான் பாத்திரம் விளக்கியிருப்பார், யாரென்று எல்லோருக்கும் தெரியும். காசு என்றால், கிளம்பும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கையில் கொடுத்துச் செலவைப் பொதுவில் எழுதுங்கள். "விடு மாப்ள, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட டீசல் காசுதான் பின்னாளில் கல்யாணப் பந்தியில் பேச்சாகக் கிளம்பும்.

ஊர் வந்த பிறகு கீச்சுனு சத்தம், சக்கரம் பிடிக்குது

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு உப்புக் காற்றில் இரவெல்லாம் நிறுத்தினால் லைனிங் டிரம்மோடு ஒட்டும். கடலோரத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தால் போதும். ஒட்டிவிட்டால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்து விடுவியுங்கள், மிதித்துக் கிளம்பினால் லைனிங் பெயரும். வெறும் கீச்சு என்றால் டிஸ்க்கில் பூத்த மேல்துரு, சில பிரேக்கில் போய்விடும். போகவில்லை என்றால் பேடுக்குள் மணல், கழற்றித்தான் ஆக வேண்டும்.

எப்படியிருந்தாலும் வந்த மறுநாளே வாட்டர் சர்வீஸில் விடுங்கள். பாடியைப் பளபளப்பாக்குவதில் அவர்களுக்கு ஆர்வம் அதிகம். நீங்கள் பக்கத்திலேயே நின்று, வண்டியை மேலே ஏற்றி, அச்சு, சேஸிஸ், சக்கர வளைவின் உள்பக்கம், சைலன்சர் கிளாம்பு என்று அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள்.